வெள்ளை பலூன் போன வழி

அன்று வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. சிங்கப்பூரின் பாயா லேபாரில், விமானங்கள் ஏறி இறங்கும் திடலைத் தாண்டி இருந்த வானிலை நிலையத்தின் புல்தரையில் நின்றுகொண்டிருந்தேன். என் வலது கண் கோணம் அளக்கும் தியோடலைட்டின் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. அதுதான் பலூன்.

நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்ததும் இரண்டு கோணங்களை உரக்கச் சொல்ல வேண்டும்: பலூன் எவ்வளவு உயரே தெரிகிறது, எந்தத் திசையில் தெரிகிறது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த நிலையத்து ஊழியர் கனகசபை அதைப் பதிவேட்டின் கட்டத்தில் எழுதிக்கொள்வார்.

முதல் இருபது நிமிடம் பலூன் பரம சாதுவாக ஏறியது. அப்புறம் அதற்கு என்ன வந்ததோ தெரியவில்லை, மேற்கே ஓட ஆரம்பித்தது. நான் சொல்லச் சொல்லக் கோணம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் புக்கிட் பாஞ்சாங் குன்றுகளுக்கு மேலே, அடிவானத்து மங்கலில் பொட்டு கரைந்துவிட்டது. மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சு கூட இல்லை.

"காணோம்" என்றேன்.

கனகசபை மீதி இருந்த கட்டங்களில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.  ஒரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த காற்று அந்தக் கோட்டுக்குள்ளேதான் இருந்தது. அதைத்தான் நான் இத்தனை நாளும் குப்பை என்று ஒதுக்கித் தள்ளியிருந்தேன்.

காற்றைப் படிக்கப் போன பெண்

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பகுதியில் படித்துவிட்டு ஒரு வாசகி, "பூகோளம் படித்து அப்படி என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். காற்றைத் துரத்தினேன், அம்மணி. வேறொன்றும் செய்யவில்லை.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் வீடு டன்லப் ஸ்திரீட்டில், மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில் ஒன்றின் மாடியில் இருந்தது. மில் ஓடும் நேரத்தில் வீட்டில் யாரும் ரகசியம் பேச முடியாது, தும்மாமல் சாப்பிடவும் முடியாது. என் புத்தகங்களைத் திறந்தால் இன்றைக்கும் மல்லி வாசனை வரும். பல்கலைக்கழகத்தின் புக்கிட் தீமா வளாகத்துக்கு பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டொரு முறை மூக்கைத் தேய்த்துக்கொண்டதும் உண்டு. நான் கவலைப்பட்டதில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வானிலை நிலையத்தில் அதிகாரியாக வேண்டும். அந்த வேலைக்கு ஆனர்ஸ் பட்டம் இல்லாதவர்கள் மனுவே போட முடியாது. ஆனர்ஸ் வாங்க ஓர் ஆய்வேடு எழுதித் தேற வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஜெட் ஸ்ட்ரீம். விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலேயும், ஆறு போல ஒரே திசையில் பாயும் பலத்த காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்னிந்தியாவின் மேலே கிழக்கிலிருந்து மேற்காக அப்படி ஓர் ஆறு ஓடுகிறது என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். மதராஸுக்கு மேலே ஓடினால், அதன் கரையாவது சிங்கப்பூருக்கு மேலே படாதா? இதுதான் என் கேள்வி.

படாது என்பது என் பேராசிரியரின் கட்சி. அவரை இங்கே டாக்டர் பென்லி என்று வைத்துக்கொள்வோம். நெட்டையான வெள்ளைக்காரர், நல்ல மனிதர், ஆனால் தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர். பூமத்திய ரேகைப் பக்கம் காற்று சோம்பேறி என்று அவர் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்லியிருந்தன. அவர் அறையில் தொங்கிய வரைபடத்தில் அந்த ஆற்றின் தென்கரை மலாயாவுக்கு வெகு வடக்கே பென்சிலால் வரையப்பட்டிருந்தது.

நான் செய்த அவமரியாதை

வானிலை நிலையத்தின் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தினமும் காலையில் ஒரு பலூன் விடுவார்கள். அது ஏறும் வேகம் தெரியும், ஆகவே நிமிடக் கணக்கை வைத்து உயரம் தெரிந்துவிடும். இரண்டு கோணங்களை வைத்து அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்குப் போட்டுவிடலாம்.

நானும் என் வகுப்புத் தோழி மே லின்னும் மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்டோம். பாதியில் பலூன் தவறிய நாட்களை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. அரைகுறைக் கணக்கு எதற்கு என்று எண்ணினேன். கடைசி வரை முழுதாகப் பார்த்த நாட்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தோம்.

வந்த விடை: காற்று சோம்பேறிதான். பென்லி சொன்னதுதான் சரி.

மனசு விட்டுப்போயிற்று. இல்லாத ஆற்றைப் பற்றி ஆய்வேடு எழுதினால் யார் தேர்ச்சி கொடுப்பார்கள்? அந்த ஆத்திரத்தில்தான் கனகசபையிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். பருவக்காற்று மாதங்களில் இத்தனை கோடுகள் ஏன், காலைத் தேநீருக்கு எழுந்து போய்விடுவீர்களா என்று கேட்டேன்.

கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சட்டைக் கையை மடித்துக்கூட விடாத மனிதர். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"கோடு கிழிச்ச ஒவ்வொரு நாளும் கண் நோக நோகப் பாத்திருக்கிறன்" என்றார். "நம்பாட்டி நீங்களே வந்து பாருங்கோ, மிஸ்."

போனேன். அதுதான் நான் முதலில் சொன்ன காலை. அங்கே போனதும் பெட்டியில் மூன்று நிற பலூன்கள் மடிந்து கிடப்பதைப் பார்த்தேன். டால்கம் பவுடர் மணத்தோடு வெள்ளை, சிவப்பு, கறுப்பு. தெளிந்த வானத்துக்கு வெள்ளை, திட்டுத் திட்டாக மேகம் இருந்தால் சிவப்பு, மூடியிருந்தால் கறுப்பு. எது கண்ணுக்கு நன்றாகத் தெரியுமோ அதை விடுவார்கள். இன்று சிவப்பு விடலாமா என்று நான் கேட்டு வைத்தேன். நிறம் சொல்வது தன்னுடைய வேலை என்று அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வெள்ளையை எடுத்தார். கோபம் தணியவில்லை.

அந்த வெள்ளை பலூன்தான் என் கண்ணெதிரே, மேகமே இல்லாத வானத்தில் ஓடிப்போயிற்று.

யாரும் படிக்காத பத்தி

அன்று மத்தியானமே பதிவேடுகளை மறுபடி விரித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'நிறம்' என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். ஒரு வருஷமாக அதை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பலூன் என்ன நிறமாய் இருந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

இப்போது பார்த்தேன். வருஷக் கடைசியில், மழை மாதங்களில், தவறிய பலூன்கள் எல்லாம் சிவப்பு, கறுப்பு. மேகத்துக்குள் நுழைந்து மறைந்தவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் தவறியவை பெரும்பாலும் வெள்ளை. கனகசபை மேகம் உள்ள நாளில் வெள்ளை விடுகிற ஆள் இல்லை. அவை மறையவில்லை, ஓடியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கடைசிக் கோணம் மேற்கே, தாழ்வாக.

பலத்த காற்று அடித்த நாட்களில்தான் பலூன் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும், கணக்கு பாதியில் நிற்கும். அந்த நாட்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சோம்பேறிக் காற்று வீசிய நாட்களை மட்டும் நான் கூட்டியிருக்கிறேன். வகுப்பில் ஓடத் தெரிந்த பிள்ளைகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, இந்த வகுப்பில் ஓடுகிறவர்களே இல்லை என்று அறிக்கை எழுதிய கதை.

கனகசபையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நின்றபடியே கேட்டேன், அவர் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்து ஒரு கோப்பைத் தேநீர் வந்தது.

பென்லியிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார். கண் சோர்ந்திருக்கலாம், அடிவானத்தில் புழுதி மூட்டம் இருந்திருக்கலாம் என்றார். பலூன் கண்ணைவிட்டுப் போன பிறகு எங்கே போயிற்று என்று காட்ட முடியுமா என்று கேட்டார். காட்ட முடியாவிட்டால் காலிக் கட்டம் காலிக் கட்டம்தான். அடுத்த ஆண்டு பருவக்காற்று வரைக்கும் எனக்கு அவகாசம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அதற்குமேல் முடியாது, ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

வானத்திலிருந்து விழுந்த காகிதம்

பலூனோடு அஞ்சலட்டை கட்டி அனுப்பலாம் என்பது மே லின்னின் யோசனை. அட்டையின் எடைக்குக் கொஞ்சம் கூடுதலாக வாயு அடைத்தால் பலூன் அதே வேகத்தில் ஏறும். உச்சியில் வெடித்து, கிழிந்த ரப்பரோடு அட்டை எங்கேயாவது விழும். எடுத்தவர் விழுந்த இடத்தையும் நேரத்தையும் எழுதித் தபாலில் சேர்த்தால் போதும்.

ஆங்கிலத்தில் அழகாகத் தட்டெழுதி, துறையின் முத்திரையைப் பளிச்சென்று குத்தி, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் என் வீட்டு விலாசமும் போட்டு, அடுத்த ஆண்டு ஜூன் முழுக்க அனுப்பினோம். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

தினமும் மத்தியானம் தபால்காரர் மணி கேட்டதும் மாடியிலிருந்து ஓடி இறங்குவேன். மில்லில் வேலை செய்தவர்கள் எனக்கு ஏதோ காதல் கடிதம் வரப்போகிறது என்று தங்களுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்.

மிச்சமிருந்த அட்டை ஒன்றை ஒருநாள் என் அம்மா எடுத்துப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, முத்திரை தெரிந்தது. அம்மா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலச் சட்டம் இருந்த வருஷங்களில் அவருடைய தங்கை அங்கேதான் முள்கம்பி வேலிக்குள் குடித்தனம் நடத்தினார்.

"சீல் குத்துன காகிதம் வானத்துலேர்ந்து விழுந்தா எவடி தொடுவா?" என்றார் அம்மா. "அந்தக் காலத்துல பிளேன்லேர்ந்து எவ்வளவு நோட்டீஸ் போட்டாங்க தெரியுமா? கையில வெச்சிருந்தா ஒரு கேள்வி, கிழிச்சா ஒரு கேள்வி. பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருவாங்க."

நான் அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பல்கலைக்கழகத்து முத்திரை இருந்தால் ஜனங்கள் மதித்துப் பதில் போடுவார்கள் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது.

முத்திரையை விட்டுவிட்டோம். தட்டெழுத்தையும் விட்டோம். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் கையால் எழுதினோம். சீனம் மே லின். மலாய் நான் எழுதி, நூலகத்தில் ஒரு பெண்மணியிடம் திருத்திக்கொண்டது. தமிழில் இப்படி எழுதினேன்:

'அன்புடையீர், இது சர்க்கார் காகிதம் இல்லை. நான் சிங்கப்பூரில் படிக்கும் பெண். என் பெயர் ரத்னா. மேலே காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க விட்ட பலூன் இது. விழுந்த இடத்தையும் நேரத்தையும் எழுதி அனுப்பினால் என் படிப்புக்குப் பெரிய உதவியாக இருக்கும். கடிகாரம் இல்லாவிட்டால், அந்த நேரம் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதினாலும் போதும்.'

கடைசி வரி அம்மா சொன்னது. தோட்டத்தில் யாரும் கடிகாரம் கட்டுவதில்லை, ஆனால் எந்த வேலை எத்தனை மணிக்கு என்பது மாறவே மாறாது என்றார்.

அஞ்சலையின் கடிதம்

ஜூலையில் பாதி போய்விட்டது. நான் ஆய்வேட்டின் முடிவுரையை, "ஆதாரம் போதவில்லை" என்ற பாணியில் எழுத ஆரம்பித்திருந்தேன். அன்று தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் ஓடக்கூட இல்லை.

அட்டையில் ரப்பர் பால் கறை. ஜொகூரில் பொந்தியான் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து வந்திருந்தது. பென்சில் எழுத்து, உருண்டை உருண்டையாக:

'ரத்னா தங்கச்சிக்கு அஞ்சலை எழுதுவது. நான் இங்க பாலுக்கு மரத்துப் பட்டைய வெட்டுறேன். இன்னிக்கு வெட்டு முடிஞ்சு, பால் எடுக்க மணி அடிச்சதும் வாளியத் தூக்கினேன். ஓடைக்கரை மரத்துல கிழிஞ்ச ரப்பர் ஒண்ணு வந்து மாட்டிச்சு. நம்ம மரத்துப் பாலே வானத்துலேர்ந்து திரும்பி வந்துட்டுன்னு எல்லாரும் சிரிச்சோம். மேகம் கிடையாது. பால் மணி இங்க பத்தரைக்கு. நல்லா படி.'

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மில்லில் இருந்தவர்கள் காதல் முறிந்துவிட்டது என்று பரிதாபப்பட்டார்கள்.

அட்டையின் எண்ணை வைத்துக்கொண்டு பாயா லேபாருக்குப் போனேன். கனகசபை பதிவேட்டைப் புரட்டினார். காலை ஒன்பது மணிக்கு விட்ட வெள்ளை பலூன். முப்பத்தைந்து நிமிடம் பார்த்த பிறகு மேற்கே தவறியது, அதன் பிறகு கோடு. அதுவரை அது போயிருந்தது கொஞ்ச தூரம்தான். பொந்தியான் பக்கம் முப்பது மைலுக்கு மேல். மீதித் தூரம் முழுவதையும் அது கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் கடந்திருக்கிறது. கீழே இறங்கி வரும்போது அடித்த காற்றைத் தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும், மேலே சோம்பேறிக் காற்று இருக்க வழியே இல்லை.

கனகசபை என் கணக்கை இன்னொரு தடவை தானே போட்டுப் பார்த்தார். பிறகு, தன் பேனாவைத் திறந்து, கோடு கிழித்த இடத்தின் ஓரத்தில் 'பொந்தியான்' என்று எழுதினார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் இன்னும் சில வந்தன. ஒரு சீன மீனவர் வலையை அலசிக்கொண்டிருந்தாராம். ஒரு மலாய்க்காரர் தென்னந்தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தாராம். எல்லாம் மேற்கே, எல்லாம் வெள்ளை.

தமிழில் ஒரு சாட்சி

துறையின் கூட்டத்தில் என் வரைபடத்தை விரித்தேன். பென்லி முன்வரிசையில் உட்கார்ந்து ஒன்றன் பின் ஒன்றாகக் கேள்வி போட்டார். நானும் விடவில்லை. கடைசியில் அவர் நேரம் பற்றிய கேள்விக்கு வந்தார். பத்தரை மணி என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார்.

கடிதத்தை எடுத்தேன். மொழிபெயர்க்கப் போனேன். அவர் கையை உயர்த்தி, முதலில் எழுதியவருடைய வார்த்தையிலேயே படியுங்கள் என்றார்.

படித்தேன். அந்த அறையில் அதற்கு முன் யாரும் தமிழில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. 'ரத்னா தங்கச்சிக்கு' என்று ஆரம்பித்து 'நல்லா படி' வரைக்கும் ஒரு வார்த்தை விடவில்லை.  பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். பால் மணி என்றால் என்ன, அது ஏன் தவறாது, தாமதமானால் பால் உறைந்துவிடும் என்பதையெல்லாம் விளக்கினேன்.

பென்லி எழுந்து தன் அறைக்குப் போனார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பி வந்தவர் கையில் அவருடைய சுவர் வரைபடமும் ஒரு பென்சிலும் இருந்தன. பென்சிலை என்னிடம் நீட்டினார். தென்கரையை நீங்களே வரைந்துவிடுங்கள் என்றார்.

சிங்கப்பூருக்குக் கீழே இழுத்தேன். ஒரே இழுப்பு. மே லின் மேஜையைத் தட்டினாள், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு ஈடாக இன்றுவரை எனக்கு எந்த மாலையும் மரியாதையும் இனித்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், எதற்கு மறைக்க வேண்டும்?

ஆய்வேடு ஒரே ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்தது. 'கண்டெடுத்தவர் அறிவித்தபடி' என்று நான் எழுதியிருந்த இடத்தைப் பென்லி அடிக்கோடிட்டிருந்தார். பார்த்துப் பதிந்தவரின் பெயர் இல்லாத பதிவை ஏற்க முடியாது என்று ஓரத்தில் குறிப்பு. வெட்கமாகப் போயிற்று. கனகசபையின் பெயரையும் அதன் கீழே அஞ்சலையின் பெயரையும் தட்டெழுதிச் சேர்த்தேன். சேர்த்த பக்கத்தின் நகல் ஒன்றைத் தோட்டத்துக்கு அனுப்பினேன். அந்த ஆங்கிலப் பக்கத்தில் தன் பெயர் எது என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக அஞ்சலை பதில் எழுதினார்.

ஆனர்ஸ் கிடைத்தது. மனுப் போட்டேன். வேலையும் கிடைத்தது.

முதல் நாள் காலை, புதுச் சேலையில் மல்லி வாசனையோடு பாயா லேபார் புல்தரையில் போய் நின்றேன். கனகசபை பெட்டியைத் திறந்தார். வெள்ளை, சிவப்பு, கறுப்பு. வழக்கமாக அவர் யாரையும் கேட்பதில்லை. அன்று பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்ன நிறம், மிஸ்?"

தலையை நிமிர்த்தி நிதானமாக, நாலு பக்கமும் பார்த்தேன்.

"வெள்ளை" என்றேன்.

ஒன்பது மணிக்கு விட்டோம். மேற்கே போயிற்று.